லீவே இல்லாத ஆள்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முதலாளி அறையில் இருந்தவர்கள்: முதலாளி ராம்கி; புரொடக்‌ஷன் மேனேஜர் ஜமால் முகமது; ஹாஸ்டல் வார்டன் மாரீஸ்வரி; ஹெச்.ஆர். தவசிமுத்து. கதவோரமாக வாட்ச்மேன் உக்கிரபாண்டியும் நின்றார். ஆனால் அவர் செக்யூரிட்டி ஏஜென்சி ஆள். டீ நாலுதான் வந்தது.

ராம்கி லேப்டாப்பைத் திருப்பி வைத்தார். ஜெர்மனியிலிருந்து மெயில். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த அந்தக் கம்பெனியில் நெய்து, வெளுத்து, சுருட்டிக் கட்டும் பேண்டேஜ் துணியில் முக்கால்வாசி அந்த ஜெர்மன்காரனுக்குத்தான் போகிறது. அங்கே யாருக்காவது காயம் பட்டால்தான் இங்கே நூற்றைம்பது பேருக்குச் சோறு.

"யாரோ அவங்க ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டிருக்காங்க" என்றார் ராம்கி. "நம்மகிட்ட வேலை பாக்குற ஒருத்தருக்கு நாலு மாசமா ஒருநாள்கூட வார லீவு இல்லையாம். தினம் பதினஞ்சு மணி நேரமாம். ஓ.டி. காசு கிடையாதாம். காய்ச்சலோட வேலை பாத்தாங்களாம். பேரு அவங்களுக்குத் தெரியுமாம், நமக்குச் சொல்ல மாட்டாங்களாம். வியாழக்கிழமை விசாரிக்க அவங்க ஆடிட்டர் வர்றாங்க. நிஜம்னு தெரிஞ்சா ஆர்டர் கட்."

"யாரு சார் அந்தப் பாவப்பட்ட ஜென்மம்?" என்றார் ஜமால்.

"பாவம் பாக்குற நேரமாய்யா இது?" ராம்கி தவசிமுத்து பக்கம் திரும்பினார். "ஹெச்.ஆர். நீங்கதான தவசி? அந்த ஆள் யாரு, போன் போட்டது யாரு, ரெண்டும் வியாழக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும். இல்லேன்னா வெள்ளிக்கிழமை அந்தச் சேர்ல வேற ஆள் உக்காந்திருப்பாரு."

அந்தச் சேர்தான் தவசிமுத்துவுக்கு எல்லாம். பத்தொன்பது வருசம் வருகைப் பதிவு எழுதும் டைம் ஆபீஸில் மர ஸ்டூலில் உட்கார்ந்தவர். ரெண்டு வருசத்துக்கு முன்னால் வந்த ஒரு ஆடிட்டர், 'இங்கே ஹெச்.ஆர். என்று ஒருவர் இருக்க வேண்டும்' என்று எழுதிவிட்டுப் போனார். மறுநாளே சக்கரம் வைத்த நாற்காலியும் பெயர்ப் பலகையும் வந்தன. சம்பளம் பழையதுதான். தவசிமுத்து அன்றிலிருந்து சட்டையைப் பேண்டுக்குள் செருகினார். கார்டு பஞ்ச் பண்ணுவதை நிறுத்தினார். லேபர் வேறு, ஸ்டாஃப் வேறு. நாற்பத்தேழு வயதில் திரும்பவும் ஸ்டூலில் உட்கார இடுப்பு ஒத்துக்கொள்ளாது.

முதலில் போஸ்டரைப் போய்ப் பார்த்தார்.

ஜெர்மன்காரன் அனுப்பிய போஸ்டர். 'உங்கள் குறையை எங்களிடம் சொல்லுங்கள்' என்று தமிழில் எழுதி, கீழே போன் நம்பர் போட்டிருக்கும். கம்பெனிச் சுவரில் கட்டாயம் ஒட்ட வேண்டும் என்பது உத்தரவு. எந்தச் சுவரில் என்று உத்தரவில் இல்லை. அதனால் தவசிமுத்து அதைக் கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் ரூமுக்குள் ஒட்டியிருந்தார். ஆடிட்டர் கேட்டால் காட்டலாம். லேபர் கண்ணில் படாது.

"அண்ணே, யாராச்சும் உள்ள வந்து இந்த நம்பரப் பாத்தாகளா?"

"யாரும் வரல சார். நான்தான் தினமும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார் உக்கிரபாண்டி.

"உங்களச் சொல்லலண்ணே."

உக்கிரபாண்டிக்குக் கான்சாபுரம். மிலிட்டரியில் இருந்து வந்தவர். கேட்டைத் தாண்டும் எதையும் நோட்டில் எழுதிவிடுவார். முதலாளியின் வெள்ளை ராஜபாளையம் நாய் வெளியே போனது 7.10, உள்ளே வந்தது 7.25 என்றுகூட அதில் இருக்கும்.

தவசிமுத்து குரலைத் தாழ்த்தினார். "இங்க எவனையும் நம்ப முடியாதுண்ணே. ஜமாலு, தம் மச்சினனை என் சேருல கொண்டாந்து உக்கார வைக்கப் பாக்கான். மாரீஸ்வரி எப்பப் பாத்தாலும் போனும் கையுமா இருக்கா. பேக்கிங்ல அந்தக் கல்பனா இருக்காளே, சம்பளச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறவ. நீங்க ஒருத்தர்தான் நம்ம சம்பள ரோல்லயே இல்ல. உங்களுக்கு இங்க ஒரு குறையும் கிடையாது. அதான் உங்கள நம்பிச் சொல்லுதேன். யாரு யாரோட பேசுதா, எம்புட்டு நேரம் பேசுதா, எல்லாத்தையும் எழுதுங்க."

"எழுதுதேன் சார்." உக்கிரபாண்டி ஆணியில் தொங்கிய தூக்குச்சட்டியைப் பார்த்தார். "இன்னிக்கு எப்பக் கிளம்புவீய சார்?"

"ஆளப் பிடிக்காம எங்கிட்டுக் கிளம்ப?"

உக்கிரபாண்டி பெருமூச்சு விட்டார். மெயின் கேட்டுக்கென்று ஒரு ரூல் உண்டு. வேலை நேரத்தில் பூட்டக் கூடாது. கடைசி ஸ்டாஃப் வெளியே போனதை எழுதி, பூட்டி, சாவியை ராத்திரி வாட்ச்மேனிடம் கொடுத்த பிறகுதான் பகல் வாட்ச்மேன் போகலாம். ரூலை எழுதி ஒட்டியது தவசிமுத்துதான். அந்தப் பெருமூச்சைத் தன் மேல் உள்ள கரிசனம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ரிஜிஸ்தரை எடுத்தார். நூற்றைம்பது பேருக்கும் ஞாயிறுதோறும் லீவு என்று அதில் அழகாக எழுதியிருந்தது. எழுதியவரே தவசிமுத்து என்பதால் அவரால் அதை நம்ப முடியவில்லை. பீரோவுக்குள் பழைய துணிக்கடியில் இருந்த உண்மையான நோட்டை எடுத்தார். அதில் ஒன்பது பேருக்கு ரெண்டு மாசமாக லீவு விழவில்லை. ஒன்பதும் பேக்கிங் பிரிவுப் பெண்கள். அதில் கல்பனாவும் ஒருத்தி.

ரெண்டு மாசத்தை நாலாக்கிச் சொல்லியிருப்பார்கள். இந்த ஒன்பதில் ஒன்றுதான் அந்த ஆள். வியாழக்கிழமை ஒன்பதும் கண்ணில் படாமல் இருந்தால் தீர்ந்தது.

ஒன்பது பேரையும் வரிசையாக நிறுத்தினார்.

"ஆளுக்கு நாலு நாள் லீவு. இப்பவே வீட்டுக்குக் கிளம்பலாம்."

ஒருத்தியும் அசையவில்லை.

"எதுக்கு சார்?" என்றாள் கல்பனா.

"சும்மாத்தான்."

"எங்க அண்ணன் கல்யாணத்துக்கு அரை நாள் கேட்டதுக்கு, 'நீயா தாலி கட்டப் போற'ன்னு கேட்டீய. இப்பச் சும்மா நாலு நாளா?"

"சம்பளத்தோட லீவு ஏட்டி!"

"சம்பளத்தோடயா?" கல்பனாவின் முகம் வெளுத்தது. மற்ற எட்டுப் பேரிடமும் திரும்பினாள். "கம்பெனிய மூடப் போறாக. போன வருசம் எங்க அத்த வேலை பாத்த மில்லுலயும் இப்பிடித்தான், லீவுன்னு பல்லக் காட்டி அனுப்பினாக. திரும்பி வந்தா கேட்டுல பூட்டு. யாரும் நகராதீங்கடி."

ஒன்பது பேரும் மிஷினுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்கள். செய்தி தறிக் கொட்டகைக்குப் போய்ச் சேர நாலு நிமிசம் ஆனது. அங்கேயும் தறி நின்றது.

ஜமால் ஓடி வந்தார். "ஏம்ப்பா தவசி, கன்டெய்னர் வெள்ளிக்கிழமை கிளம்பணும். பேக்கிங்க உக்கார வச்சுட்டியே! இது யாரு யோசனை?"

"உங்களுக்கு எதுக்கு அது?" என்றார் தவசிமுத்து. இவ்வளவு சீக்கிரம் இவர் ஓடி வந்தது எப்படி என்பதுதான் அவருக்கு உறுத்தியது.

கடைசியில் மதியம் ரெண்டு மணிக்கு அவரே ஒரு அட்டைப்பெட்டி மேல் ஏறி நின்று, "லீவு கிடையாது! யாருக்கும் லீவு கிடையாது! வழக்கம் போல வேலை!" என்று கத்தினார். கொட்டகை முழுக்கக் கைதட்டியது.

வேலை ஓடத் தொடங்கியது. பாக்கெட்டில் போன் அடித்தது. மனைவி செல்லத்தாய்.

"மத்தியானச் சோறு அப்பிடியே இருக்கு."

"பொறவு பேசுதேன்." வைத்துவிட்டார்.

லீவு வழி அடைபட்டது. காய்ச்சல் வழி இருக்கிறதே. மாரீஸ்வரியிடம் முதலுதவி நோட்டைக் கேட்டார். காய்ச்சல் மாத்திரை வாங்கியவர்கள் பேர் அதில் இருக்கும்.

"ஆளுக்கு ஒண்ணு ரெண்டுதான் வாங்கியிருக்காளுவ. அதிகமாப் போனது ஆபீஸுக்குத்தான் சார்."

"ஆபீஸ விடுங்க. புள்ளையளச் சொல்லுங்க."

"நோட்டப் பாத்து ஒண்ணும் தெரியாது சார். காய்ச்சல்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவீயன்னு பயந்து சொல்ல மாட்டாளுவ."

மாரீஸ்வரி கண்ணைப் பார்த்துப் பேசாதது தவசிமுத்துவுக்குப் பட்டது. இவளை நம்பிப் பிரயோஜனம் இல்லை. கொரோனா காலத்தில் வாங்கிப் போட்ட, நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று ஸ்டோரில் கிடந்தது. அதைத் துடைத்து எடுத்தார். சாயங்காலம் ஹாஸ்டல் பிள்ளைகள் அறுபது பேரையும் கம்பவுண்டுக்குள் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருத்தி நெற்றியிலும் துப்பாக்கி மாதிரி நீட்டி, "நாலு மாசத்துல காய்ச்சல் வந்துச்சா? எத்தன நாள்? பயப்படாமச் சொல்லு, ஒண்ணும் ஆகாது" என்று கேட்டுக்கொண்டே போனார்.

'ஒண்ணும் ஆகாது' என்று அறுபது தரம் சொன்னால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்.

ஹாஸ்டலில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் போன் கொடுப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அறுபது வீட்டுக்கும் ஒரே செய்தி போனது. கம்பெனியில் காய்ச்சல். வன்னியம்பட்டிக்குப் போனபோது அது டெங்குவாக இருந்தது. கான்சாபுரம் போய்ச் சேர்ந்தபோது ரெண்டு பிள்ளைகளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள்.

புதன்கிழமை பதினோரு மணிக்குக் கேட்டுக்கு வெளியே மூணு ஷேர் ஆட்டோ, ஒரு லோடு வேன், எண்ணிக்கையில் அடங்காத டூவீலர்.

"எம் மகள வெளிய விடுங்கய்யா!" என்று முன்னால் நின்று கத்தினாள் கருத்தம்மா என்ற ஒரு தாய். "ரெண்டு பொணத்த உள்ள வச்சுக்கிட்டுக் கள்ளத்தனமா பண்ணுதீய?"

"பொணமெல்லாம் இல்லம்மா! சும்மா நெத்தியிலதான் பாத்தோம்!" என்றார் தவசிமுத்து.

"சும்மா எதுக்குப் பாக்கணும்?"

இதே கேள்வியை இந்த வாரம் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். பின்னால் திரும்பினால் ஹாஸ்டல் பிள்ளைகள் பையும் கையுமாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் கல்பனா. அவள் ஹாஸ்டலே இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவள்.

தவசிமுத்துவுக்கு வேர்த்தது. அறுபதும் இன்றைக்கு ஊருக்குப் போய்விட்டால், நாளைக்கு ஆடிட்டர் வந்து யாரைப் பார்ப்பார்? ஆளை ஒளித்துவிட்டார்கள் என்பார். ஆர்டர் போகும். சேர் போகும்.

"அண்ணே, கேட்டப் பூட்டுங்க!"

"வேலை நேரத்துல பூட்டக் கூடாதுன்னு ரூல் இருக்கே சார்" என்றார் உக்கிரபாண்டி.

"ரூல எழுதினவனே நான்தான். பூட்டுங்கங்கேன்!"

"அந்தப் பக்கம் ஹாஸ்டலுக்குப் போற சின்னக் கதவு?"

"அதையும்தான்!"

உக்கிரபாண்டி ரெண்டையும் பூட்டினார். நேரத்தை நோட்டில் எழுதினார். யார் சொல்லிப் பூட்டியது என்பதையும் எழுதினார்.

உள்ளே அறுபது பிள்ளைகள், வெளியே அவர்களைப் பெற்றவர்கள், நடுவில் கம்பிக்கதவு. ரெண்டு பக்கமும் அழுகை. வெள்ளை நாய் எந்தப் பக்கம் குரைப்பது என்று தெரியாமல் நடுவில் நின்று ஊளையிட்டது. அப்போதுதான் லோடு வேனுக்குப் பின்னால் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. காட்டன் புடவையும் தோள்பையுமாக ஒரு அம்மா இறங்கினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தார். முதலில் பூட்டைப் போட்டோ எடுத்தார்.

"யாரும்மா நீ? டி.வி.யா?" என்று சீறினார் தவசிமுத்து.

"விஜி. சென்னையில இருந்து வர்றேன். ஆடிட்டர்."

"நாளைக்குத்தான மேடம்..."

"அதனாலதான் இன்னிக்கு வந்தேன். சாவி யார்கிட்ட இருக்கு?"

உக்கிரபாண்டி அட்டென்ஷனில் நின்று சாவியை நீட்டினார்.

விஜி மேடம் சத்தம் போடாத ஆள். அதுதான் பயமாக இருந்தது. கேட்டைத் திறக்கச் சொன்னார். வீட்டுக்குப் போக விரும்பிய பிள்ளைகளைப் போகச் சொன்னார். செய்தி பொய் என்று தெரிந்ததும் பாதிப் பேர் அம்மா கொண்டு வந்த முறுக்கை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினார்கள். மேடம் ஹாஸ்டல் சின்னக் கதவின் பூட்டைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராகத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கல்பனா மட்டும் முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தாள். வெளியே வந்தவள் தவசிமுத்துவைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தாள்.

'இவதான்' என்று முடிவு கட்டினார் தவசிமுத்து.

அடுத்து ஜமால் போனார். அவரும் சிரித்துக்கொண்டே வந்தார். 'இவனும்தான்.' மாரீஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள், போகிற போக்கில் இவர் தோளைப் பரிவாகத் தட்டினாள். மூணு பேரும் கூட்டு என்று அவருக்குத் தெளிவாகிவிட்டது.

மூன்று மணிக்கு அவரையே கூப்பிட்டார்கள். மேஜை மேல் ரிஜிஸ்தர் விரிந்து கிடந்தது. எதிரில் ராம்கி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கையெழுத்து" என்றார் விஜி மேடம். "ஒரு வருசத்துக்கும் ஒரே பேனா. இது வேண்டாம். கேட்ல வாட்ச்மேன் எழுதுற நோட்டு ஒண்ணு இருக்காமே?"

"அது நாய் வந்தது போனத எழுதுற நோட்டு மேடம்!"

"அதுதான் வேணும்."

உக்கிரபாண்டி தயாராக நின்றவர் மாதிரி நாலு நோட்டைக் கொண்டுவந்து அடுக்கினார். தவசிமுத்துவை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

வராண்டாவில் நின்றார். உட்காரப் பயமாக இருந்தது. கண்ணாடி வழியே பார்த்தபோது விஜி மேடம் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் திருப்பி ஒரு தாளில் மணிக்கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நடுநடுவே நிமிர்ந்து கண்ணாடி வழியே இவரைப் பார்த்தார். கொலைகாரனைப் பார்க்கிற பார்வை இல்லை அது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலைப் பார்க்கிற பார்வை. அது இன்னும் மோசமாக இருந்தது.

செல்லத்தாய் போன் பண்ணினாள். "இன்னிக்காச்சும் வெளிச்சம் இருக்கையில வருவீயளா?"

"செத்த நேரம் சும்மா இருக்கியா? இங்க என் சேரு போகுது!"

ஐந்தரைக்குக் கதவு திறந்தது. ராம்கி வந்தார். மூணு நாளில் பத்து வயசு கூடியிருந்தது.

"தவசி, நீங்க கிளம்புங்க."

"சார்?"

"உடனே. திங்கட்கிழமை வரைக்கும் கம்பெனிக்குள்ள கால் வைக்கக் கூடாது. அந்தம்மாகிட்ட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். போனையும் ஆஃப் பண்ணிடுங்க."

"சார், ஒரே ஒரு நாள் குடுங்க சார். ராத்திரி பூரா உக்காந்தாவது அந்த ஆளக் கண்டுபிடிச்சிருதேன்..."

"ஐயோ!" ராம்கி அவர் வாயைப் பொத்தாத குறை. உள்ளே திரும்பிப் பார்த்தார். "ராத்திரி பூரான்னு அந்தம்மா காதுல விழற மாதிரிச் சொல்லாதீங்க. முதல்ல கேட்டத் தாண்டுங்க."

முடிந்தது. திங்கட்கிழமை அந்தச் சேரில் ஜமாலின் மச்சினன் சுற்றிச் சுற்றி விளையாடுவான். தவசிமுத்து டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார். பெயர்ப் பலகையை எடுப்பதா வேண்டாமா என்று யோசித்தார். திருட்டு என்று அதற்கும் ஒரு மெமோ வரும். விட்டுவிட்டார்.

விஜி மேடத்தின் கார் முன்னால் போனது. முதலாளி கார் பின்னால் போனது. ரெண்டு காரும் வெளியே ரோட்டோரம் நின்று, இவர் வெளியேறுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தன. ஷிப்ட் விட்டுப் போன பெண்கள் வேனிலிருந்து கையசைத்தார்கள். கல்பனா மட்டும் ரெண்டு கையையும் அசைத்தாள். இவ்வளவு வஞ்சகமா என்று நினைத்தார்.

கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். மலைப்பக்கம் வெயில் மஞ்சளாக இருந்தது. இந்த ரோட்டில் புளியமரங்கள் இருப்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

உக்கிரபாண்டி நோட்டில் எழுதினார்: 'ஹெச்.ஆர். சார் வெளியே, 5.50.' எழுதியதைத் தானே ஒருமுறை ஆசையாகப் படித்துப் பார்த்தார். கம்பிக்கதவை இழுத்துச் சாத்தினார்.

"அந்த ஆளையும் கண்டுபிடிக்கல, போன் போட்டவனையும் கண்டுபிடிக்கல" என்றார் தவசிமுத்து. "எஞ் சேரு போச்சுண்ணே."

உக்கிரபாண்டி பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பினார். ரெண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு தூக்குச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்:

"சேரெல்லாம் அப்பிடியேதான் இருக்கு சார், உங்களுக்கு நாலு நாள் லீவுதான் போட்டிருக்காக, நீங்க வெளிய போனாத்தான் எனக்கு டூட்டி முடியும், எம் பேரச் சொன்னா ஏஜென்சிக்காரன் தூக்கிருவான், அதான் அந்த நம்பருக்குப் போன் போட்டு உங்க பேரச் சொன்னேன்."